கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்றால் என்ன? ஊடகக்காரர்களும் ஆசிரியர்களும் ஏன் அதை விரும்புகிறார்கள்?

"என் படைப்பை எடுத்துக்கொள்ளுங்கள், இந்த நிபந்தனைகளோடு" என்று படைத்தவரே முன்கூட்டி எழுதிக் கொடுக்கும் அனுமதிதான் கிரியேட்டிவ் காமன்ஸ்.

ஒரு புகைப்படம் எடுத்த நொடியே பதிப்புரிமை வந்துவிடும், பதிவு செய்யத் தேவையில்லை. இந்தியாவில் அது எடுத்தவர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கும். அதனால், தாராளமாகக் கொடுக்க நினைப்பவரிடம்கூட ஒவ்வொருவரும் தேடி வந்து கேட்க வேண்டியிருந்தது. இதை மாற்றத்தான் 2002 டிசம்பரில் முதல் உரிமங்கள் வெளிவந்தன.

பக்கத்து வீட்டுக்கு உறைமோர் கொடுப்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு கரண்டி கொடுத்தால் நம் வீட்டுத் தயிர் குறைந்துவிடாது. அங்கே ஒரு சட்டி தயிர் கூடுதலாக உறையும். "யாராவது கேட்டால் நீங்களும் கொடுங்கள்" என்று சொல்லி அனுப்பினால், அதுதான் 'அதே முறையில் பகிர்தல்' நிபந்தனை. விக்கிப்பீடியா 2009 முதல் இந்த வகையில்தான் இயங்குகிறது.

பகலில் நிறுவனத்துக்குப் படம் எடுத்து, மாலையில் வகுப்பு எடுக்கும் ஒருவருக்கு இது பெரிய வரம். அவர் சொந்தமாக எடுத்த தறிப் படம் ஒன்று யாழ்ப்பாணத்துப் பாடக் கையேட்டில் அச்சாகலாம். கீழே சின்ன எழுத்தில் அவர் பெயர் இருக்கும். அடுத்த வேலையைத் தேடித் தருவது பெரும்பாலும் அந்தப் பெயர்தான். 'வணிகத்துக்குக் கூடாது' என்ற நிபந்தனையை மட்டும் யோசித்துப் போடுங்கள்; விக்கிப்பீடியாவுக்கான படங்கள் சேரும் தளமான விக்கிமீடியா காமன்ஸ் அத்தகைய படங்களை ஏற்காது.

அப்புறம், இப்படி வெளியிட்டால் உரிமையே போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள்; கொடுத்த அனுமதியைத்தான் திரும்பப் பெற முடியாது, பதிப்புரிமை உங்களிடமே இருக்கும், அதே படத்தைக் காசுக்கும் விற்கலாம்.