தத்தெடுத்த ஹஸ்கியைப் பழைய உரிமையாளர் கேட்டால் கொடுத்துவிட வேண்டுமா?

கேள்வி: விலங்குகள் காப்பகத்திலிருந்து ஒன்பது வயது ஹஸ்கியைத் தத்தெடுத்து மூன்று மாதம் ஆகிறது. இப்போது ஒருவர், நாயின் தோலுக்கு அடியில் அடையாளத்துக்காகப் பதித்த மைக்ரோசிப்பில் தன் பெயர் இருப்பதாகச் சொல்லி நாயைக் கேட்கிறார். காப்பகமோ, ‘எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறுவோம் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், கொடுத்துவிடுங்கள்’ என்கிறது. நாய்க்குக் கண்புரை இருப்பதையும் அவர்கள் சொல்லவில்லை. என்ன செய்வது?

பதில்: யார் போனில் மிரட்டினாலும் நாயை இப்போது கொடுத்துவிடாதீர்கள். கையைவிட்டுப் போய்விட்ட நாயை வழக்குப் போட்டு மீட்பது ரொம்பக் கடினம். அதற்காக ஒளித்து வைக்கவும் வேண்டாம், அது நாளைக்கு நீதிபதி முன்னால் உங்கள் மேல்தான் சந்தேகத்தைக் கிளப்பும்.

மனதுக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான நாடுகளில் நாய் சட்டத்தின் பார்வையில் ஒரு சொத்து. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் 2017 முதலும் ஸ்பெயினில் 2022 முதலும் விலங்கின் நலனையும் பார்க்கச் சட்டம் இருக்கிறது என்றாலும் அதெல்லாம் முக்கியமாகக் கணவன் மனைவி பிரியும்போது நாய் யாரோடு போவது என்பது போன்ற விஷயங்களுக்குத்தான். உங்கள் விவகாரத்தில் பாசத்தைவிடக் காகிதம்தான் பேசும்.

எந்தக் காகிதம் என்றால், இந்த நாய் காப்பகத்துக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லும் பதிவு. ஹஸ்கி வேலிக்கு அடியில் தோண்டியோ மேலே தாவியோ ஓடிப்போவதற்குப் பேர்போன இனம் என்பதால், இது கைவிடப்பட்ட நாயா வழிதவறிய நாயா என்ற கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. உரிமையாளரே ஒப்படைப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு விட்டிருந்தால் அவருடைய உரிமை அங்கேயே முடிந்துவிட்டது, பின்னால் மனம் மாறினாலும் பயனில்லை. அவருக்குத் தெரியாமல் தம்பியோ பிரிந்துபோன மனைவியோ விட்டிருந்தால் கதை வேறு, ஏனென்றால் தனக்கு உரிமையில்லாததை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. தெருவில் பிடிபட்ட நாய் என்றால், காப்பகம் சட்டப்படி குறிப்பிட்ட நாட்கள் வைத்திருந்து உரிமையாளரைத் தேடியிருக்க வேண்டும். எத்தனை நாள் என்பது ஊருக்கு ஊர் மாறும். அந்தக் கெடு முறையாக முடிந்த பிறகு உங்களுக்குக் கொடுத்திருந்தால் பொதுவாக நீங்கள் பலமான இடத்தில் இருக்கிறீர்கள். ஆனால் சிப்பை ஸ்கேன் செய்து, அதில் இருந்த ஆளைத் தொடர்புகொள்ள முயன்றார்களா? செய்யவில்லை என்றால் தவறு காப்பகத்துடையது, அதனால்தான் உங்களை அவசரப்படுத்துகிறார்களோ என்றுகூட எனக்குத் தோன்றுகிறது.

சிப்பில் பெயர் இருப்பது மட்டும் உரிமைக்கு முடிவான சான்று ஆகாது. சிப்பில் இருப்பது ஒரு எண். அந்த எண்ணுக்கு எதிரே பதிவேட்டில் யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்று எழுதியிருக்கும், அதைப் பலர் மாற்றாமலே விட்டுவிடுகிறார்கள். ஆனாலும் அது ஒரு சாட்சியம்தான், அலட்சியம் செய்யாதீர்கள்.

சரி, ஒப்பந்தம். ‘தத்து’ என்று இருக்கிறதா, ‘தற்காலிகப் பராமரிப்பு’ அல்லது ‘சோதனைக் காலம்’ என்று இருக்கிறதா பாருங்கள். தற்காலிகம் என்றால் உரிமை இன்னும் காப்பகத்திடம்தான் இருக்கும். தத்து என்று எழுதிவிட்டு, காரணமே இல்லாமல் எப்போதும் திரும்ப எடுப்போம் என்ற வரியை மட்டும் காட்டினால் நீதிமன்றம் பொதுவாக அதை அப்படியே ஏற்றுக்கொண்டுவிடாது. நீங்கள் என்ன மீறினீர்கள் என்று கேட்கும், இரண்டு பொருள் தரும் வரியை எழுதியவருக்கு எதிராகவே படிப்பதும் வழக்கம். அப்படியே உரிமை இருந்தாலும் உங்கள் வீட்டுக்குள் நுழைந்து நாயைத் தூக்கிப்போக அது அனுமதி அல்ல.

கண் விஷயத்தில் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். வயதான நாய்க்குக் கண்வில்லை நீலம் பூத்த மாதிரி மங்குவது சாதாரணம், அது கண்புரை இல்லை. உண்மையிலேயே புரைதான், காப்பகத்தின் மருத்துவக் குறிப்பிலும் அது இருந்தது என்றால், ஒப்பந்தத்தில் ‘உள்ளபடியே ஏற்கிறேன்’ என்ற வரி இருந்தாலும் அது தெரிந்தே மறைத்தவர்களைப் பெரும்பாலும் காப்பாற்றாது. இதற்காகத் தனியாக வழக்குப் போடுவதைவிட, நாயை உங்களிடமே விடும்படி பேசும்போது இதை முன்வைப்பது நல்லது என்பேன்.

இன்றே காப்பகத்துக்கு எழுத்தில் கேளுங்கள்: நாய் வந்த தேதி, கொண்டுவந்தவர் விவரம், ஸ்கேன் செய்த பதிவு, மருத்துவக் குறிப்பு. பதில் வரும்வரை அந்த நபரிடம் நேரில் பேச வேண்டாம். பிறகு ஒப்பந்தத்தையும் மருத்துவச் செலவு ரசீதுகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் வக்கீல் ஒருவரைப் பாருங்கள், திருப்பிக் கொடுக்கும்படி ஆகிவிட்டாலும் அந்தச் செலவைக் கேட்க ரசீது வேண்டும்.