ஊட்டிக்கு வரும் காஷ்மீர் ஈப்பிடிப்பான் வருஷா வருஷம் அதே பறவைதானா? எப்படிக் கண்காணிக்கிறார்கள்?

அதே சோலையோரம், அதே புதர் என்று வருகிறது, அது எங்களுக்குத் தெரியும். அதே பறவையா என்றால், காலில் வளையம் மாட்டாத வரை யாரும் சத்தியம் செய்ய முடியாது.

சிட்டுக்குருவியைவிடச் சின்னது. காஷ்மீரில் பீர் பஞ்சால் மலைப்பக்கம் குஞ்சு பொரித்து, அக்டோபர் வாக்கில் இந்தப் பக்கமும் இலங்கையில் நுவரெலியா பக்கமும் வந்து, மார்ச் கடைசியில் கிளம்பிவிடும். ஆண் என்றால் கண்டுபிடிப்பது எளிது: தொண்டை, மார்பு எல்லாம் செங்கல் நிறம், இரண்டு பக்கமும் வேட்டிக்குக் கரை வைத்த மாதிரி கறுப்புக்கோடு. அந்தக் கரை இல்லாவிட்டால் செந்தொண்டை ஈப்பிடிப்பானாக இருக்கலாம். வாலைத் தூக்கும்போது அடியில் தெரியும் வெள்ளை இரண்டுக்கும் உண்டு, அதை நம்பாதீர்கள். பெண் பறவை வந்தால் எங்கள் வாட்ஸப் குழுவில் இது எந்த ஈப்பிடிப்பான் என்று அன்றைக்கு முழுக்கச் சண்டைதான். புதிதாக வருகிறவர்கள் நம்ம ஊர் கறுப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பானைப் பார்த்துவிட்டு 'காஷ்மீர்' என்று போட்டுவிடுவதும் உண்டு. அதில் ஆணுக்குத் தலையும் இறக்கையும் கறுப்பு, வருஷம் முழுக்க இங்கேயே இருப்பது.

சரி, கண்காணிப்பு. பார்த்த தேதி, இடம், ஆணா பெண்ணா, முடிந்தால் ஒரு மோசமான படமாவது, இவற்றை இ-பேர்டில் (பறவை பார்த்த பட்டியல்களை யாரும் ஏற்றக்கூடிய இணையதளம்) ஏற்றுகிறோம். அபூர்வமான பதிவு என்றால் சரிபார்க்கிறவர் விவரம் கேட்பார். இதெல்லாம் எல்லோரும் செய்வதுதான். யாரும் செய்யாதது, பார்க்காத நாளை எழுதி வைப்பது. ஒருவர் நவம்பர் 20 அன்றுதான் முதல்முதலாகப் போகிறார், பறவையைப் பார்க்கிறார், 'இந்த வருஷம் லேட்டாக வந்திருக்கிறது' என்கிறார்; அவர் அக்டோபரிலேயே போய் வெறுங்கையோடு திரும்பிய பட்டியல் ஒன்று இருந்தால்தானே லேட்டா இல்லையா என்று சொல்ல முடியும்? அப்புறம், ஒரு மரத்தில் பார்த்ததாகச் செய்தி கிளம்பினால் பெரிய லென்ஸோடு எல்லோரும் அங்கேயே போய் நிற்கிறார்கள். நாலு வருஷம் கழித்து வரைபடத்தைத் திறந்தால் பூங்காவும் பார்க்கிங் உள்ள சோலையும்தான் தெரியும், நடுவில் உள்ள ஹட்டிகளும் (படுகர் ஊர்கள்) தேயிலைச் சரிவும் காலி. பறவை அங்கே இல்லை என்று அர்த்தமில்லை, அங்கே நாம் போகவில்லை. காட்டெருமை நிற்கும் சரிவில் காலை ஆறரைக்கு யார் போவார்கள் என்பதும் நியாயம்தான்.

போனில் பறவையின் குரலை ஓடவிட்டு அதை வரவழைக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. அவ்வளவு தூரம் பறந்து வந்து இளைப்பாறுகிற பறவையை ஒரு படத்துக்காக அலைக்கழிக்க வேண்டாம்.

பொங்கலுக்கு ஊட்டி, குன்னூர் பக்கம் வந்தால் பொங்கலையொட்டி நாலு நாள் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேர்ந்துகொள்ளுங்கள், 2015-லிருந்து நடக்கிறது. யாரும் போகாத இடமாகப் பார்த்துப் பதினைந்து நிமிடம் நின்று, அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும் எழுதுங்கள். ஈப்பிடிப்பான் வராவிட்டாலும் பட்டியலை ஏற்றிவிடுங்கள்.