எஸ்15 இறக்குமதி: முதலில் ஆக்ஷன் ஷீட்டைப் படியுங்கள், பெரிய டர்போ அப்புறம்

கேள்வி: நிஸான் சில்வியா எஸ்15 காரில் டர்போ உள்ள ரகமான ஸ்பெக்-ஆர் ஒன்றை ஜப்பான் ஏலத்தில் எடுத்து இறக்குமதி செய்யப் போகிறேன். இரண்டு வண்டிகள் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று அப்படியே கம்பெனி நிலையில் இருக்கிறது, கிரேடு 3.5. இன்னொன்றில் பெரிய டர்போ, காயிலோவர் (உயரம் மாற்றக்கூடிய சஸ்பென்ஷன்) எல்லாம் ஏற்கெனவே போட்டிருக்கிறது, கிரேடு ஆர், விலையும் குறைவு. எப்படியும் 350 குதிரைத்திறன் வரை கொண்டுபோகத்தான் ஆசை, அதனால் இரண்டாவதை எடுப்பதுதானே லாபம்? மாடிஃபிகேஷனை எந்த வரிசையில் செய்வது?

பதில்: முதல் வண்டியை எடுங்கள். எஸ்15 உற்பத்தி 2002-லேயே முடிந்துவிட்டது, ஆகவே உங்களுக்குக் கிடைக்கும் எதுவும் இருபது வயதைத் தாண்டிய வண்டிதான். அந்த வயதில் அதன் மதிப்பு பாடியிலும் அடிச்சட்டத்திலும் இருக்கிறது, போல்ட் போட்டு மாட்டிய சாமான்களில் இல்லை. பெரிய டர்போவும் காயிலோவரும் நாளைக்கும் கடையில் கிடைக்கும், வளையாத சட்டம் கிடைக்காது. தவிர, ஜப்பானில் டிரிஃப்டிங்குக்கு (வண்டியைச் சறுக்கவிட்டு ஓட்டுவது) அதிகம் பயன்பட்ட வண்டிகளில் இதுவும் ஒன்று. இவ்வளவு சாமான் மாட்டிய எஸ்15 மெதுவாக ஓட்டப்பட்டிருக்கும் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை.

இனி ஆக்ஷன் ஷீட், அதாவது ஏலத்தில் வண்டியைச் சோதித்து கிரேடு போட்டு எழுதும் தாள். கிரேடு எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள், அதிலுள்ள கார் வரைபடத்தைப் பாருங்கள். ஏ என்றால் கீறல், யூ என்றால் பள்ளம், டபிள்யூ என்றால் பட்டி பார்த்து பெயின்ட் அடித்த தடம், எஸ் துரு, சி அரிப்பு, எக்ஸ் மாற்றவேண்டிய பாகம், இரட்டை எக்ஸ் ஏற்கெனவே மாற்றிய பாகம். பக்கத்தில் வரும் எண் கூடக்கூட சேதமும் கூடுதல். ஏ1, யூ1 எல்லாம் இந்த வயது வண்டிக்குச் சாதாரணம். எஸ், சி எங்கே இருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம், ஏனென்றால் கதவின் கீழ்ப்பட்டையிலும் பின்சக்கர வளைவிலும் வெளியே ஒரு சின்னப் புள்ளியாகத் தெரியும் துரு உள்ளே எவ்வளவு தின்றிருக்கிறது என்பது வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். கிரேடு ஆர் என்பது சட்டத்தைத் தொட்ட விபத்துக்குப் பழுதுபார்த்த வண்டி. அதிலும் ரகம் உண்டு. ரேடியேட்டரைத் தாங்கும் முன்சட்டத்தை மட்டும் மாற்றிய வண்டியும் ஆர் வாங்கும், ஸ்ட்ரட் டவர் (சஸ்பென்ஷனின் மேல்முனை மாட்டும் இடம்) வரை இடி இறங்கிய வண்டியும் ஆர்தான் வாங்கும். முன்னதைச் சரியான விலைக்கு எடுக்கலாம், பின்னதை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். இன்னொரு பக்கம், பானட், முன் ஃபெண்டர் போல போல்ட்டில் நிற்பதை மாற்றியதெல்லாம் விபத்துக் கணக்கிலேயே வராது, அதனால் நல்ல கிரேடு இருக்கிறது என்பதற்காக முன்பக்கம் அடி படாத வண்டி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஷீட்டில் ஜப்பானிய மொழியில் கையால் எழுதிய குறிப்புகளை ஏஜென்ட் சுருக்கிச் சொன்னால் போதாது, வரிக்கு வரி மொழிபெயர்த்துத் தரச் சொல்லுங்கள்.

படம் கேட்கும்போது இரண்டு படம் கட்டாயம் கேளுங்கள். ஒன்று ஸ்பீடோமீட்டர். ஜப்பான் சந்தைக்கான எஸ்15-இல் மீட்டர் 180-உடன் நின்றுவிடும். அதற்கு மேல் எண் தெரிந்தால் மீட்டரே மாற்றப்பட்டிருக்கலாம், அதில் காட்டும் கிலோமீட்டரை வண்டி ஓடிய தூரம் என்று நம்ப முடியாது. மற்றது கியர் குமிழ். ஸ்பெக்-ஆர் மேனுவலில் ஆறு கியர், டர்போ இல்லாத ஸ்பெக்-எஸ் மேனுவலில் ஐந்து. ஸ்பெக்-ஆர் என்று விற்கும் வண்டியில் ஐந்து கியர் இருந்தால் ஒன்று கியர்பாக்ஸ் மாறியிருக்கிறது, அல்லது அது ஸ்பெக்-எஸ்ஸில் டர்போ இன்ஜின் இறக்கிய வண்டி. எதுவானாலும் விளக்கம் கிடைக்காமல் ஏலத்தில் கை தூக்காதீர்கள்.

பணம் கட்டும் முன் உங்கள் நாட்டு விதியைத் தயாரிப்பு மாதம் வரை ஒப்பிட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் 25 வருடம், கனடாவில் 15 வருடம் என்று கணக்கு மாறும், ஒரு மாதம் குறைந்தாலும் வண்டி துறைமுகத்திலேயே நின்றுவிடும். ஏற்றுமதிச் சான்றிதழில் இருக்கும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் பொறித்த நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். அது 17 இலக்கமாக இல்லாமல் எஸ்15 என்று தொடங்கிச் சின்னதாக இருப்பது ஜப்பான் வண்டிக்கு இயல்பு, பயப்பட வேண்டாம். கப்பலுக்கு, முடிந்தால் கன்டெய்னர். ரோ-ரோ கப்பலில் செலவு குறையும், ஆனால் பலர் கை மாறி ஓட்டி ஏற்றுவார்கள்.

வண்டி வந்ததும் நேராக டர்போ கடைக்குப் போகாதீர்கள். முதல் செலவு பராமரிப்புக்கு. நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பாருங்கள், மொத்த அளவைவிட ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் கதை சொல்லும், பத்து சதவீதத்துக்கு மேல் போனால் பவர் கூட்டும் பேச்சே வேண்டாம். எல்லா ஆயிலும், கூலன்டும், ரப்பர் ஹோஸும், சஸ்பென்ஷன் புஷ்ஷும் மாற்றுங்கள். டயரில் பட்டன் எவ்வளவு இருந்தாலும் பக்கவாட்டில் இருக்கும் நான்கு எண்ணைப் படியுங்கள். 2314 என்றால் 2014-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது, அது கல்லாகியிருக்கும், கழற்றிவிடுங்கள். அப்புறம் பிரேக்.

அடுத்தது பெட்ரோல், இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஜப்பானில் ஹை-ஆக்டேன் பெட்ரோலின் ஆக்டேன் அளவு (ஆர்ஓஎன்) குறைந்தது 96, பங்கில் கிடைப்பது பெரும்பாலும் 100-ஐ ஒட்டி இருக்கும். எஸ்15-இன் 250 குதிரைத்திறனும் அந்தப் பெட்ரோலை நம்பி வைத்த இக்னிஷன் டைமிங்கில் வருவது. நீங்கள் ஊற்றப்போவது 95 அல்லது அதற்கும் கீழே என்றால் கம்பெனி பூஸ்ட்டிலேயே (டர்போ தரும் காற்றழுத்தம்) நாக்கிங், அதாவது பெட்ரோல் நேரம் தவறி வெடிப்பது, வரலாம். நாக் சென்சார் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்து ஓரளவு காப்பாற்றும். ஆனால் ஒரு பூஸ்ட் கன்ட்ரோலரை மாட்டி பூஸ்ட்டை ஏற்றிவிட்டால் அந்தக் காப்பு போதாது, பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்து வரும். அதனால் எஸ்15-இன் இன்ஜினான எஸ்ஆர்20-ஐ நன்றாகத் தெரிந்த ஒரு ட்யூனரிடம், வைட்பேண்ட் மீட்டர் (காற்று-பெட்ரோல் விகிதம் காட்டுவது) வைத்து, உங்கள் ஊர்ப் பெட்ரோலுக்கு ஈசியூவை (இன்ஜின் கம்ப்யூட்டர்) ட்யூன் செய்வதைத்தான் முதல் மாடிஃபிகேஷனாக வையுங்கள்.

அதோடு நல்ல இன்டர்கூலர், எக்ஸாஸ்ட், ஃப்யூயல் பம்ப் சேர்த்தால் கம்பெனி டர்போவிலேயே 300-ஐ ஒட்டி வரும். 1,240 கிலோ வண்டிக்கு அது தாராளம். 350 வேண்டுமென்றால் டர்போ மட்டுமல்ல, இன்ஜெக்டர், ஏர்ஃப்ளோ மீட்டர், கிளட்ச் எல்லாம் சேர்ந்து மாற வேண்டும், அப்புறமும் அந்த ஆறு கியர் பெட்டி கூடுதல் டார்க்கைத் தாங்காது என்ற பிரச்சினை நிற்கும். கியர்பாக்ஸுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கிவிட்டுத்தான் 350-ஐப் பற்றி யோசியுங்கள். கழற்றும் ஒவ்வொரு கம்பெனி சாமானையும் பெயர் எழுதி ஒரு பெட்டியில் வையுங்கள். சோதனைக்கு நிற்கும்போதும் விற்கும்போதும் அதுதான் கை கொடுக்கும்.

இவ்வளவுக்கும் அப்புறம் இரண்டாவது வண்டியை விட மனமில்லை என்றால் ஏஜென்ட்டிடம் நான்கு விஷயம் கேளுங்கள்: ஸ்ட்ரட் டவரின் உள்பக்கப் படம், ஆர் எதற்காக விழுந்தது என்பதற்கு ஷீட்டில் உள்ள வரி, எந்த ஈசியூவில் யார் ட்யூன் செய்தார்கள் என்ற விவரம், டர்போவின் பில். நான்கில் சட்டத்தைப் பற்றிய முதல் இரண்டும் வராவிட்டால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். கடைசி இரண்டு மட்டும் வரவில்லை என்றால், இன்ஜினைப் பிரித்துச் செய்யும் செலவையும் விலையில் கூட்டிப் பாருங்கள், அதற்குப் பிறகும் முதல் வண்டியைவிடக் குறைவாக வந்தால் எடுக்கலாம்.