சொத்தும் உறக்கமும் – ஒரு கடிதம்

அன்புள்ள டீச்சர் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். நானும் நம் மலேசியாவின் சுங்கை சிப்புட்காரன்தான், தோட்டத்தில் பிறந்தவன். கர்த்தருடைய கிருபையால் இன்று டவுனில் ஓர் இரும்புச் சாமான் கடை, வாடகைக்கு விட்ட இரண்டு கடைவீடுகள், ஊருக்கு வெளியே பத்து ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப்பனை) என்று இருக்கிறேன். சென்ற மாதம் சபையில் ஐசுவரியவானான வாலிபனைப் பற்றிப் பிரசங்கம். உனக்கு உண்டானவற்றை விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்று இயேசு சொன்ன இடத்தைக் கேட்டதிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. போதகரிடம் கேட்டேன். அது அந்த வாலிபனுக்கு மட்டும் சொன்னது, ஆபிரகாமும் செல்வந்தர்தான், சொத்து ஓர் ஆசீர்வாதம் என்றார். கல்லூரியில் படிக்கும் என் மகளோ, பக்கத்தில் ஏழைகள் இருக்கும்வரை கிறிஸ்தவன் சொத்து வைத்திருப்பதே பாவம் என்கிறாள்.

நான் யாரையும் ஏமாற்றியதில்லை. வருமானத்தில் பத்தில் ஒன்றான தசமபாகம் தவறியதில்லை. தோட்டத்தில் இரண்டு இந்தோனேசியத் தொழிலாளிகள் இருக்கிறார்கள். வெட்டும் குலைக்கு டன் கணக்கில் கூலி, ஷெட்டிலேயே தங்க இடம், பண்டிகைக்குத் துணி. ஓடிப்போய்விடக் கூடாதே என்று பாஸ்போர்ட்டை மட்டும் என் மேசை இழுப்பறையில் பத்திரமாக வைத்திருக்கிறேன். நான் எல்லாவற்றையும் விற்க வேண்டுமா? நீங்களும் சொந்த வீட்டில்தானே இருக்கிறீர்கள்?

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

கடைசியில் என் வீட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் பிறந்தது தோட்டத்து லயத்து வீட்டில். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார், அம்மாவுக்கு வெளிக்காட்டு வேலை. அந்த வீட்டுச் சுவருக்கு அம்மா ஆண்டுதோறும் தன் கையால் சுண்ணாம்பு அடிப்பார். வாசலில் ஒரு முருங்கை வைத்திருந்தார். ஆனாலும் அது வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்த வீடு. 1984இல் அப்பாவுக்கு 55 வயது முடிந்தது. வேலை முடிந்ததும் வீடும் முடிந்தது. தோட்டத்துக் கணக்கரான கிராணி ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார், அவ்வளவுதான்.

லாரி வந்த நாளில் நல்ல மழை. அம்மாவிடம் சொத்து என்று இருந்தது ஒரு பழைய தையல் மெஷின். தன் சேலை ஒன்றை அதன் மேல் போர்த்தி, டவுன் வரும்வரை அதன் மேல் குனிந்து உட்கார்ந்துகொண்டே வந்தார். முருங்கையிலிருந்து ஒரு போத்தை வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி மடியில் வைத்திருந்தார்.

ஊழியர் சேமநிதியில் அப்பாவுக்கு இருந்த பணத்தைப் போட்டு, மீதிக்கு அண்ணன் கடன் எடுத்து, 25,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு மலிவு விலை வீடு வாங்கினோம். சாவி கிடைத்த அன்று மாலை அப்பா கதவை உள்ளிருந்து பூட்டினார், திறந்தார், மறுபடியும் பூட்டினார். நாங்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இன்றும் நான் அந்த வீட்டில்தான் இருக்கிறேன். போத்து மரமாகிக் காய்த்துப் பட்டுப்போய், அதன் பிள்ளை மரம் நிற்கிறது.

அந்தச் சாவியைப் பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள். அசிசி நகரத்து பிரான்சிஸ் துணி வியாபாரியின் மகன். தன்னிடம் இருந்ததை விட்டு இறங்கினார். எங்கள் அப்பாவிடம் விடுவதற்கு ஒன்றும் இருந்ததில்லை. பிறர் அவர் மேல் சுமத்திய இல்லாமையைப் புண்ணியம் என்று போற்ற நான் தயாராக இல்லை.

ஆதிச்சபையில் யாரும் எதையும் தன்னுடையது என்று சொல்லவில்லை என்று அப்போஸ்தலர் நடபடிகளில் வருகிறது. உங்கள் மகள் அதைத்தான் நினைக்கிறாள் என்று தோன்றுகிறது. அது மெய்தான். ஆனால் அடுத்த அதிகாரத்திலேயே பேதுரு, நிலத்தை விற்றுப் பணத்தில் ஒரு பங்கை மறைத்த அனனியாவிடம், விற்குமுன்னே நிலம் உன்னுடையதாக இருந்தது, விற்ற பின்பும் பணம் உன் வசத்தில்தான் இருந்தது, ஏன் பொய் சொன்னாய் என்று கேட்கிறார். யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. பேதுரு சிறையிலிருந்து வெளியே வந்த இரவில் நேராகப் போய் நின்றது மாற்கு என்னும் யோவானின் தாய் மரியாளின் வீட்டு வாசலில். அவருக்கு ஒரு வீடு இருந்தது. அதில் சபை கூடி ஜெபித்துக்கொண்டிருந்தது. வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு தன் ஆஸ்தியில் பாதியைக் கொடுத்தான். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்புகிறேன் என்றான். இயேசு மீதியையும் கேட்கவில்லை.

நம் ஊர்க்காரரும் அமைச்சராக இருந்தவருமாகிய துன் வீ. தி. சம்பந்தனையும் இங்கே நினைக்கிறேன். அவர் கிறிஸ்தவர் அல்லர். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த காலத்தில், தொழிலாளிகள் தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்று 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தோட்டத்து ஆட்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். எங்கள் அப்பாவும் கட்டினார். அந்தப் பங்குத் தாளை அம்மா வேதாகமத்துக்குள் மடித்து வைத்திருந்தார். ஏழை சொத்துக்கு ஆசைப்படுவதைப் பேராசை என்று யாராவது சொல்லும்போதெல்லாம் அந்தத் தாள்தான் என் கண் முன்னால் வரும்.

இனி உங்கள் போதகர் சொன்னது. சொத்து ஆசீர்வாதம் என்று சொல்லி உங்களை அனுப்பிவிட்டார். மன்னிக்க வேண்டும், அவர் உங்களுக்குக் கொடுத்தது தூக்க மருந்து. ஆபிரகாமைக் காட்டுகிறவர்கள் யாக்கோபின் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தைப் பிரசங்கிக்க நான் அதிகம் கேட்டதில்லை. “இதோ, உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது” என்று அங்கே இருக்கிறது. கூலியே வாய் திறந்து கத்துகிறது.

நாலாம் நூற்றாண்டில் செசரியா நகரத்தில் பஞ்சம் வந்தபோது திருச்சபைப் பிதாவாகிய பசிலியார், தன் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டப்போன ஐசுவரியவானின் உவமையை எடுத்துப் பிரசங்கம் செய்தார். நீ பூட்டி வைத்திருக்கும் அப்பம் பசித்தவனுடையது, பெட்டியில் இருக்கும் துணி உடையில்லாதவனுடையது என்றார். சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. ஊருக்கு வெளியே நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் பெரிய இல்லம் ஒன்றைக் கட்டினார். உங்கள் மகள் இவரைப் படித்தால் மகிழ்ச்சி அடைவாள். அவளுடைய கோபத்தில் பாதி நியாயம் இங்கிருந்துதான் வருகிறது.

ஆனால், தம்பி, உங்கள் கடிதத்தை நான் நான்கு முறை படித்தேன். நிலத்தைப் பற்றியும் கடைவீடுகளைப் பற்றியும் நீங்கள் எழுதிய வரிகளில் எனக்குக் கலக்கம் வரவில்லை. மேசை இழுப்பறையைப் பற்றிய வரியில்தான் நின்றுவிட்டேன். “பாஸ்போர்ட்டை மட்டும்” என்று எழுதியிருக்கிறீர்கள்.

உபாகமம் 24ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். கடன் கொடுத்தவன் அடகை எடுக்க ஏழையின் வீட்டுக்குள் நுழையக் கூடாது, வெளியே நிற்க வேண்டும். திரிகைக் கல்லை அடகாக வாங்கக் கூடாது. அது அவனுடைய ஜீவனை வாங்குவதற்குச் சமம். வாங்கியது அவன் போர்வையானால், பொழுது சாயும்போது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அதைப் போட்டுக்கொண்டு அவன் படுக்க வேண்டும். அந்த அடகை வைத்துக்கொண்டு நீ தூங்காதே என்று அங்கே இருக்கிறது. உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இழுப்பறையில் இரண்டு பேருடைய போர்வை இருக்கிறது, தம்பி.

பாஸ்போர்ட் இல்லாத வெளிநாட்டுத் தொழிலாளி இந்த நாட்டில் பஸ் ஏறவும் பயப்படுவான். வழியில் சோதனை வந்தால் காட்ட ஒன்றும் இல்லை. காய்ச்சல் வந்தால் மருத்துவமனைக்குப் போகத் தயங்குவான். ஊரில் தாய் இறந்தால் உங்கள் அனுமதி இல்லாமல் போக முடியாது. பிறருடைய பாஸ்போர்ட்டை இப்படிப் பிடித்து வைப்பது 1966ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின்படி குற்றம். பல முதலாளிகள் செய்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். நீங்கள் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. கெட்டவருக்கு ஒரு வசனத்தைக் கேட்டுத் தூக்கம் போகாது. ஆனால் நம் தாத்தாக்கள் தங்களை ஆள் சேர்த்துக் கொண்டுவந்த கங்காணியிடம் பட்ட கடனுக்காகத் தோட்டத்தை விட்டு நகர முடியாமல் கிடந்தவர்கள். குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டையை வைத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக நின்றவர்கள் நம் வீடுகளில் இருந்தார்கள். ஒரு காகிதத்தைப் பிடித்து வைத்து ஒரு மனிதனைப் பிடித்து வைக்கலாம் என்பது நம்மைவிட யாருக்குத் தெரியும்?

அடுத்து கூலி. டன் கணக்கில் கொடுப்பது தவறில்லை. ஆனால் காய்ப்புக் குறைந்த மாதங்களில், மழையில் வண்டி உள்ளே போக முடியாத வாரங்களில், அவர்கள் கையில் என்ன மிஞ்சுகிறது? குறைந்தபட்சச் சம்பளம் இப்போது மாதம் 1,700 வெள்ளி. ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் முதலாளிகளுக்கும் 2025 ஆகஸ்டு முதல் அது பொருந்தும். டன் கணக்கில் கொடுத்தாலும் அதற்குக் கீழே போகக் கூடாது. சென்ற பன்னிரண்டு மாதத்துக் கணக்கை எடுத்து, குறைந்த மாதங்களுக்கு நேரே குறைந்த தொகையை எழுதிக் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகை தருமம் அல்ல, கடன். விற்க வேண்டுமா என்று கேட்டீர்களே, அதைத் தீர்க்க எதையாவது விற்க வேண்டியிருந்தால் விற்றுவிடுங்கள்.

தசமபாகம் தவறவில்லை என்கிறீர்கள். வெந்தயத்திலும் சீரகத்திலும்கூடத் தசமபாகம் செலுத்தி, நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டவர்களைப் பற்றி இயேசு பேசியது உங்களுக்குத் தெரியும். அதையும் செய்ய வேண்டும், இதையும் விடக் கூடாது என்றார். எங்கள் வீட்டில் அடுப்படியில் ஒரு மைலோ டின் இருந்தது. அம்மா சோற்றுக்கு அரிசி அளந்த பிறகு, உலையில் போடுவதற்கு முன் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து டின்னில் போடுவார். பிடியரிசி. சனிக்கிழமை டின்னைச் சபைக்குக் கொண்டுபோவோம். அங்கிருந்து கணவனை இழந்த ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போகும். சம்பளத்துக்கு முந்திய வாரத்தில் பிடி சிறியதாகும், ஆனால் நின்றதில்லை. அளந்ததிலிருந்து எடுத்ததால் அன்றைக்கு எங்கள் தட்டில் ஒரு பிடி குறைந்தது. நீங்களும் நானும் இப்போது கொடுப்பதில் நம் தட்டில் எது குறைகிறது?

மெதடிஸ்ட் சபையில் வளர்ந்தவள் என்பதால் அந்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியையும் சொல்லிவிடுகிறேன். முடிந்தவரை சம்பாதி, முடிந்தவரை சேமி, முடிந்தவரை கொடு என்றவர் அவர். முதல் இரண்டையும் நம் மக்கள் நன்றாகவே பிடித்துக்கொண்டார்கள். ஆக்ஸ்போர்டில் தங்கள் கூட்டத்தில் ஒருவரின் கணக்கை அவர் சொல்கிறார். அந்த ஒருவர் அவரேதான் என்பது பொதுவான எண்ணம். ஆண்டு வருமானம் 30 பவுண்டாக இருந்தபோது 28இல் வாழ்ந்து 2 கொடுத்தார். வருமானம் 60 ஆனது, 28இல் வாழ்ந்து 32 கொடுத்தார். 90 ஆனபோது 62. 120 ஆனபோது 92. சம்பாத்தியம் நான்கு மடங்கானது, செலவு அசையவில்லை.

உங்கள் சொத்துக் கேள்விக்கு என்னிடம் இருக்கும் விடை இந்த 28தான். வீடு வைத்துக்கொள்ளுங்கள், கடை நடத்துங்கள், மகளைப் படிக்க வையுங்கள். ஆனால் உங்கள் குடும்பத்துக்கு எவ்வளவு போதும் என்று ஒரு தொகையை எழுதி, மனைவியையும் மகளையும் பார்க்க வையுங்கள். அதற்கு மேல் வருவதெல்லாம் உங்கள் வழியாகப் போக வேண்டியது. நிலம் என்னுடையது, நீங்கள் என்னிடத்தில் பரதேசிகள் என்று லேவியராகமத்தில் கர்த்தர் சொல்கிறார். பத்து ஏக்கர் செம்பனைக்காரரும் அந்த ஷெட்டில் படுத்திருப்பவரும் அந்தக் கணக்கில் ஒன்றுதான்.

நான் 2020இல் ஓய்வு பெற்றதும் அப்படி ஒரு தொகையை நோட்டில் எழுதினேன். இதுவரை மூன்று முறை கூட்டியிருக்கிறேன். ஒரு முறை மருந்துச் செலவுக்காக. மற்ற இரண்டு முறைக்கும் சரியான காரணம் சொல்ல என்னால் முடியவில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகு இரண்டையும் அடித்துப் பழைய தொகையை எழுதியிருக்கிறேன். இது எனக்குச் சுலபமாக இல்லை.

இன்று மாலையே தோட்டத்துக்குப் போங்கள். பாஸ்போர்ட்டைக் கையில் கொடுங்கள், ஜெபமோ பேச்சோ வேண்டாம், படமும் எடுக்க வேண்டாம். இனி ஓடிப்போய்விடுவார்களோ என்ற பயம் உங்களுக்கு இருக்கும். ஓடினால் ஏன் ஓடினார்கள் என்று எனக்கு எழுதுங்கள். ஓடாமல் இருந்தால், ஷெட்டின் கூரை ஒழுகுகிறதா என்று அவர்களிடமே கேட்டு, மழைக்கு முன் சரிசெய்துவிடுங்கள். கூலிக் கணக்கைக் கூட்டுவதில் உதவி வேண்டுமானால் ஏட்டை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை வாருங்கள், நான் வீட்டில்தான் இருப்பேன். மகளையும் அழைத்து வாருங்கள்.

அன்புடன்,
டீச்சர்