சின்ன ஊரில் வளர்ந்தவர்களே, சாதி வேற்றுமையை முதன்முதலில் எப்போது உணர்ந்தீர்கள்?

எனக்கு இரண்டு நாள் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு ராத்திரிதான். 1983, நான் நாலாம் வகுப்பு.

ஊர் தக்கலைக்கும் குலசேகரத்துக்கும் நடுவில். ரப்பர், தென்னை, வாழை, பாதி வருஷம் மழை. கடைத்தெரு என்றால் ஒரு சாயாக்கடை, ஒரு பலசரக்குக் கடை, ஒரு ரேஷன் கடை. குமரி மாவட்டம் என்றதும் "அங்கதான் எல்லாரும் படிச்சவங்களாச்சே" என்பார்கள். சரிதான், 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டுக்கே முதலிடம், 91 சதவீதத்துக்கு மேல். படித்தவர்கள் சாதியை நேராகக் கேட்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். "வீடு எங்க?", "அப்பாவுக்கு என்ன சோலி?", கிறிஸ்தவர் என்றால் "எந்தச் சபை?" மூன்றாவது கேள்விக்குள் ஆளைப் பிடித்துவிடுவார்கள்.

நாங்கள் நாடார், அய்யா வைகுண்டர் காட்டிய அய்யாவழியில் கும்பிடுகிற குடும்பம். அந்த வழிக்காரர்கள் கும்பிடுகிற இடம் நிழல்தாங்கல். ஊர் நிழல்தாங்கலில் பாட்டா, அதாவது தாத்தா, தலைப்பாகை கட்டிக்கொண்டு நிற்பார். அங்கே சிலை கிடையாது, கண்ணாடிதான். கும்பிடப் போனால் நம் முகம்தான் தெரியும். குமரி அன்று திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. அங்கே எங்கள் ஆட்கள் தலையில் துணி கட்டக் கூடாது என்றிருந்த காலத்தில் வைகுண்டர் ஆண்களைத் தலைப்பாகையோடு வந்து கும்பிடச் சொன்னார். சாமித்தோப்பு முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியும் ஒன்றாகத் தண்ணீர் எடுக்க வைத்தார். இதெல்லாம் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே எனக்குப் பாடம்.

அந்த வருஷம் பெரிய வீட்டுத் தென்னந்தோப்பை அப்பா பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்திருந்தார். பணம் கொடுக்கப் போனபோது நானும் ஒட்டிக்கொண்டேன். பழைய நாலுகெட்டு வீடு. அந்தக் காலத்துக் கணக்கில் எங்களுக்கு மேலே இருந்தவர்கள். நிலமெல்லாம் கைமாறிப் போய் ஓடு ஒழுகிக்கொண்டிருந்தது, ஆனாலும் உள்ளே ஒரு கிழவி இருந்தாள். வீட்டில் நாங்கள் ஏறிட்டுப் பார்க்கவே பயப்படும் அப்பா, முற்றத்தில் கால் வைத்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. "எடே, அங்ஙன நில்லு" என்றாள் கிழவி. என் அப்பாவை! நான் தண்ணீர் கேட்டேன். ஒரு செம்போடு வந்து "கையக் காட்டு" என்றாள். குனிந்து இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்தேன். ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றினாள். பாதி மூக்கில் ஏறியது.

திரும்பி வரும் வழியில் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. சாயாக்கடையில் இரண்டு மட்டிப்பழம் வாங்கித் தந்தார்.

வீட்டில் நான்தான் உளறினேன். பாட்டி கொதித்துவிட்டாள். "அவளுக்க கொழுப்பப் பாத்தியா!" என்று ஆரம்பித்து, ராத்திரி திண்ணையில் என்னை மடியில் போட்டுக்கொண்டு கதை சொன்னாள். "எனக்க ஆத்தாளுக்க ஆத்தா காலத்துல, தோளுல சீலை போட்டா சந்தையில வச்சே கிழிச்சானுவ பிள்ளே. விட்டமா நாம?" தோள்சீலைக் கலகம் என்று புத்தகத்தில் படித்தது பிறகுதான். 1822-ல் கல்குளம், இரணியல் பக்கம் ஆரம்பித்து, அடங்குவதும் வெடிப்பதுமாக 1859 வரை போயிருக்கிறது. அந்த வருஷம் ஜூலை 26-ல் திருவிதாங்கூர் மகாராஜா உத்தரம் திருநாள் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். சென்னை ஆளுநர் டிரெவிலியன் கொடுத்த நெருக்கடியும் அதற்கு ஒரு காரணம். நாடார் பெண்கள் குப்பாயம் என்கிற ரவிக்கை போடலாம், எப்படி வேண்டுமானாலும் மாரை மறைக்கலாம், மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது. உரிமையைக் கொடுக்கிற தாளிலேயே ஒரு கோட்டையும் கிழித்துக் கொடுத்த சாமர்த்தியத்தைப் பாருங்கள். பாட்டியின் கதையில் இந்தக் கடைசி வரி இல்லை. அவளுக்கு நாம் ஜெயித்தோம், அவ்வளவுதான். ரோஷத்தோடு தூங்கிப்போனேன்.

மறுநாள் காலையில் தேங்காய் உரிக்க ஆள் வந்தார். ஊருக்குக் கீழே, குளத்துக்கு அந்தப்பக்கம் இருந்த காலனியிலிருந்து வருவார். ஐம்பது வயதிருக்கும். அப்பாவின் கூட்டுக்காரர்களெல்லாம் எனக்கு மாமா. இவரை மட்டும் ஒன்பது வயதுப் பயல் நான் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன், "வா, போ" என்றுதான் பேசுவேன். இருநூறு தேங்காய் உரித்து முடித்துவிட்டு, வீட்டுக்குப் பின்னால் பலாமரத்து ஆணியில் கவிழ்த்துத் தொங்கிய அலுமினியத் தம்ளரை எடுத்தார். அதன் விளிம்பு ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். உள்ளே இருந்த எறும்பை ஊதித் தள்ளிவிட்டு நீட்டினார். பாட்டி கடுங்காப்பியை மேலேயிருந்து ஊற்றினாள். தெறித்து அவர் கையில் பட்டது.

பாட்டியின் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதே ஒரு முழம்.

அங்கேயே ஏதாவது கேட்டிருப்பேன் என்று நினைக்காதீர்கள். ஒன்றும் கேட்கவில்லை. வயிற்றுக்குள் என்னவோ செய்தது, அப்புறம் தோசை தின்றேன். பிள்ளைகள் அநியாயத்தைக் கண்டதும் பொங்கிவிடுவார்கள் என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். தான் எங்கே நிற்க வேண்டும், யாரை எங்கே நிறுத்த வேண்டும் என்பதைப் பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு முன்பே பிள்ளைகள் கற்றுக்கொண்டுவிடும்.

அவருடைய மகன் என் வகுப்பு. கணக்கில் என்னைவிடக் கெட்டி. 1987-ல் எங்கள் வீட்டுக்கு டிவி வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ராமாயணத்துக்கு அரை ஊரும் எங்கள் முன்னறையில் இருக்கும். அவன் நடைப்படியில் உட்கார்ந்து வாசல் வழியாகப் பார்ப்பான். யாரும் உள்ளே வராதே என்று சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை. நானும்தான். பண்டிகை நாளில் பாட்டி முந்திரிக்கொத்து சுட்டால் அவனுக்கும் உண்டு, வாழையிலைக் கீற்றில்.

பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முன்னால் ஒருநாள் மத்தியானம் கணக்கு நோட்டு கொடுக்க வந்தான். நல்ல வெயில். வீட்டில் என்னைத் தவிர யாருமில்லை. தண்ணீர் கேட்டான். அடுக்களைக்குப் போய் எவர்சில்வர் தம்ளரைக் கையில் எடுத்தேன். எடுத்தவன் திரும்ப வைத்துவிட்டேன். யார் பார்க்கப் போகிறார்கள், யார் கேட்கப் போகிறார்கள்? இருந்தும் பின்பக்கம் போய் ஆணியிலிருந்து அந்தத் தம்ளரை எடுத்துக் கழுவி, நிரப்பிக் கொண்டுபோனேன். உயரத்திலிருந்து ஊற்றவில்லை, கையில்தான் கொடுத்தேன். அதை ஒரு பெரிய காரியமாக நான் நினைத்தேன் என்பதுதான் கேவலம்.

அவன் தம்ளரைப் பார்த்தான், குடித்தான். பிறகு வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய் அதே ஆணியில் கவிழ்த்து மாட்டினான். எந்த ஆணி என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் பேசுவான், சிரிப்பான், நோட்டும் தருவான்.

அதனால் உங்கள் கேள்விக்கு ஒழுங்கான பதில் என்றால், நான் உணர்ந்தது பெரிய வீட்டு முற்றத்தில் அல்ல, எங்கள் அடுக்களையில், என் கையில்.

இப்போது ஊரில் அந்த மாதிரித் தம்ளரெல்லாம் கிடையாது. வீட்டில் வேலைக்கு வருகிறவர்களுக்கும் எல்லாரையும் போலக் கப்பில் சாயா. ஆனால் பத்து சென்ட் நிலம் விற்கப் போனால் தரகர் குரலைத் தாழ்த்தி "வாங்குறது எந்த ஆளுக?" என்று கேட்பது நிற்கவில்லை. கல்யாணப் பேச்சைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

2014-ல் தக்கலை பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். அரசு வேலை, கொஞ்சம் தொப்பை. சாயாவுக்குக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். காசு அவன்தான் கொடுத்தான். கேட்க வேண்டிய மன்னிப்பை மனசுக்குள் வரிவரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். அவன் ரப்பர் விலையைப் பற்றிப் பேசினான். 2011-ல் கிலோ 240 வரை போனது அப்போது பாதிக்கு இறங்கியிருந்தது. ஐம்பது சென்ட் வாங்கி ரப்பர் வைத்து மாட்டிக்கொண்டானாம். நடுவில் "பாட்டி இருக்காங்களா?" என்றான். போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் என்றேன்.

"அந்த முந்திரிக்கொத்து மாதிரி பிறகு எங்கயும் தின்னல மக்கா" என்றான். கிளாஸை மேஜையில் வைத்துவிட்டு, "எலையில வச்சுத் தருவாங்கல்லா" என்றான்.

குரலில் ஒன்றும் இல்லை. இருந்திருந்தாலும் எனக்குப் பிடிபட்டிருக்காது. நான் "ஆமா" என்றேன். அடுக்கி வைத்திருந்த வரியில் ஒன்றுகூட வெளியே வரவில்லை.

பெரிய வீட்டுக் கிழவி கதையை என் மகளிடம் நாலைந்து தடவை சொல்லியிருக்கிறேன். அவளும் பள்ளிக்கூடத்தில் அதைப் பேச்சுப் போட்டியில் பேசிப் பரிசு வாங்கி வந்தாள். தண்ணீர் கேட்டவன் கதையை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.