முதல் மதிப்பெண் அவனுடையது

அன்புள்ள அக்கா,

உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. 1992-ல் பிளஸ் டூ முடித்த எங்கள் செட் அடுத்த மாதம் பள்ளியில் கூடுகிறது. வாட்ஸ்அப் குழுவில் பழைய படங்களாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எந்தப் படத்திலும் இல்லாத ஒருவனைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வகுப்பில் கணக்கு என்றால் அவன்தான். 1, 3, 5, 7 என்று ஒற்றை எண்களை வரிசையாகக் கூட்டினால் எப்போதும் ஒரு வர்க்க எண்தான் வரும் என்பதைச் சார் ஒருநாள் போர்டு நிறைய எழுதி நிறுவினார். எங்களில் பாதிப் பேருக்குப் புரியவில்லை. மணி அடித்ததும் இவன் வராந்தாவில் உட்கார்ந்து புளியங்கொட்டைகளை அடுக்கி அரை நிமிடத்தில் புரியவைத்துவிட்டான். சார் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் வகுப்பில் அவனையே செய்துகாட்டச் சொன்னார்.

அந்த வருடப் பொங்கல் விடுமுறையில் அவனுக்கு மஞ்சள் காமாலை. பள்ளி திறந்த ஒரு வாரத்தில் போய்விட்டான். தண்ணீர்தான் காரணம் என்றார்கள். நானும் அவனும் ஒரே குழாயில்தான் குடித்தோம். பரீட்சை முடிவு வந்தபோது பள்ளியிலேயே கணக்கில் முதல் மதிப்பெண் எனக்கு. மேடைக்குக் கூப்பிட்டுப் பரிசு கொடுத்தார்கள். அவன் இருந்திருந்தால் அது அவனுக்குத்தான். அன்றிலிருந்து அவன் வீட்டுத் தெரு வழியாக நான் போனதே இல்லை. அவன் அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

குழுவில் அவனைப் பற்றி எழுதினேன். 'சந்தோஷமா கூடுற நேரத்துல அது எதுக்குடா' என்று பதில் வந்தது. நான் அவனுக்கு உறவுகூட இல்லை. இவ்வளவு வருடம் கழித்துத் துக்கப்பட எனக்கு என்ன உரிமை என்று எனக்கே தோன்றுகிறது.

ச., திண்டுக்கல்

*

அன்புள்ள ச.,

உங்கள் கடிதத்தை இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

உறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருவனுடைய மூளை வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது பெரும்பாலும் கூடப் படிப்பவர்கள்தான். அவன் என்ன சாப்பிடுவான், எதற்குக் கோபித்துக்கொள்வான், எப்படித் தூங்குவான் என்பதெல்லாம் அவன் அம்மாவுக்குத் தெரியும். அந்தப் புளியங்கொட்டைகள் தெரியுமா? தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அது உங்களிடம் இருக்கிறது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஆலன் டூரிங் நினைவுக்கு வந்தார். கணினி அறிவியலுக்கு அடித்தளம் போட்டவர், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் எனிக்மா சங்கேதத்தை உடைத்தவர்களில் முக்கியமானவர் என்றுதான் அவரை நமக்குத் தெரியும். இங்கிலாந்தில் ஷெர்போர்ன் என்ற விடுதிப் பள்ளியில் படித்தபோது அவர் மைக்கறை படிந்த கையும் கோணல் எழுத்துமாக, தனியாகத் திரிந்த பையன். அவருக்கு ஒரு வகுப்பு மேலே கிறிஸ்டோபர் மார்காம் படித்தான். வேதியியல், வானியல், கணக்கு எல்லாவற்றிலும் தேர்ந்தவன், எழுத்தும் சுத்தமாக இருக்கும். பிறகு ஒரே வகுப்பறையில் பாடம் கேட்க நேர்ந்தபோது இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தார்கள். பரிசோதனைகளைப் பற்றிப் பேசினார்கள், நட்சத்திரங்களைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டார்கள். பிரெஞ்சு வகுப்பில் கட்டம் போட்டுப் பூஜ்யமும் பெருக்கலும் ஆடினார்கள். 1929 டிசம்பரில் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி உதவித்தொகைக்கு இருவரும் சேர்ந்து போய்ப் பரீட்சை எழுதினார்கள். மார்காமுக்குக் கிடைத்தது, டூரிங்குக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த பிப்ரவரி 13-ஆம் தேதி மார்காம் இறந்துபோனான். வயது 18. சின்ன வயதில் குடித்த பசும்பால் வழியாகக் காசநோய் அவன் உடம்புக்குள் போயிருந்தது. அதைப் பள்ளியில் நண்பனிடம்கூட அவன் சொல்லவில்லை.

ஒரே குழாயில் குடித்தோம் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியில்தான் என் மனம் நின்றுவிட்டது. மாட்டுக் காசநோயால் மனிதருக்குப் பெரிய ஆபத்து இல்லை என்று 1901-ல் லண்டனில் சொன்னவர், காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக்கேதான். அது தவறு, பால் வழியாக மனிதருக்கும் வரும் என்று பிரிட்டிஷ் அரசு அமைத்த குழு முடிவாகச் சொன்னது 1911-ல். மார்காம் பிறந்த வருடமும் அதுதான். அதற்குப் பிறகும் அங்கே எத்தனையோ வீடுகளில் பாலைக் காய்ச்சாமலே குடித்தார்கள். குடித்த பிள்ளைகளில் பெரும்பாலோர் நன்றாக வளர்ந்தார்கள், சிலர் செத்துப்போனார்கள். தண்ணீரால் வரும் மஞ்சள் காமாலையும் அப்படித்தான். பெரும்பாலோருக்கு வந்து தானாகப் போய்விடும். ஒரு சிலருக்கு மட்டும் கல்லீரலை முடக்கிவிடும். நீங்கள் எதையும் அவனிடமிருந்து எடுத்துக்கொண்டு பிழைக்கவில்லை.

அப்புறம் அந்தப் பரிசு. மகன் இறந்தபின் மார்காமின் பெற்றோர் அவன் பெயரில் பள்ளியில் ஓர் அறிவியல் பரிசு ஏற்படுத்தினார்கள். அதை முதலில் வாங்கியது டூரிங். அந்த ஈஸ்டர் விடுமுறைக்கு மகனோடு ஜிப்ரால்டர் போகக் குடும்பம் ஏற்கெனவே திட்டமிட்டிருந்தது. அவன் இடத்தில் நீ வா என்று அந்த அம்மா டூரிங்கைக் கூப்பிட்டார், அவரும் போனார். 'அவன் இடம்' என்ற சொல் உங்களை இத்தனை வருடம் குத்திக்கொண்டிருக்கிறது. அந்த அம்மாவோ அந்த இடத்தில் வந்து உட்கார அவன் நண்பனைத்தான் அழைத்தார்.

மார்காம் இறந்து இரண்டொரு நாளில், 17 வயதுப் பையனாக, டூரிங் அவன் அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். ஒரு சின்னப் புகைப்படம் இருந்தால் தாருங்கள், என்னை ஒழுங்காகவும் சுத்தமாகவும் எழுதவைக்க அவன் பட்ட பாட்டை அது எனக்கு நினைவூட்டும் என்று கேட்டார். தன் சொந்த அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில், நாங்கள் சேர்ந்து செய்ய வேண்டிய வேலையை இனி நான் தனியாகச் செய்ய வேண்டும், அவனைக் கைவிட்டுவிடக் கூடாது என்ற பொருளில் எழுதியிருக்கிறார். மார்காமின் அம்மாவுடன் பல வருடம் கடிதத் தொடர்பு வைத்திருந்தார், அவர்கள் வீட்டுக்கும் போய் வந்துகொண்டிருந்தார். மார்காமைப் பற்றிய தன் நினைவுகளையும் அவருக்காக எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சாவிலிருந்துதான் கணினி பிறந்தது என்று சிலர் எழுதுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு பையனின் சாவு எதற்கும் பயன்பட்டிருக்க வேண்டியதில்லை. அவன் இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, நானும் ஒன்று சொல்கிறேன். எங்கள் பெண்கள் பள்ளியில் என்னோடு படித்த ஒருத்திக்கு இருதயத்தில் ஓட்டை என்று ஊரே சொல்லும். ஓட்டை இல்லை, வால்வுக் கோளாறு. சின்ன வயதில் தொண்டைப் புண்ணும் காய்ச்சலும் வந்து, மூட்டுகள் வீங்கி, கடைசியில் இருதய வால்வைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சல். மூன்று வாரத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசி தவறாமல் போட்டிருந்தால் மேலும் கெடாமல் தடுத்திருக்கலாம். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் அது தவறித் தவறிப் போனது.

விளையாட்டுப் பீரியடில் அவள் வகுப்பிலேயே இருப்பாள். அந்த நேரத்தில் எங்கள் எல்லோருடைய ரெக்கார்டு நோட்டிலும் படம் வரைந்து கொடுப்பாள். அப்படி ஒரு கை. செம்பருத்திப் பூவின் குறுக்குவெட்டை அவள் வரைந்தால் தடவிப் பார்க்கத் தோன்றும். இருதயப் படத்தையும் அவள்தான் வரைந்தாள். கோடு இழுத்து 'ஈரிதழ் வால்வு' என்று குறித்துவிட்டு, "இதுதாண்டி எனக்கு மூட மாட்டேங்குது" என்றாள். பக்கத்து வீட்டுக் கதவைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். பத்தாம் வகுப்பு முடிவு வரும்போது அவள் இல்லை.

அவள் வீட்டுக்குப் போக எனக்குப் பதினோரு வருடம் ஆனது. ரெக்கார்டு நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். அவள் அம்மா படங்களை மெதுவாகப் புரட்டினார். இருதயப் படம் வந்ததும் நான் பயந்துவிட்டேன். அவர் அதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "பள்ளிக்கூடத்துல சேட்டை பண்ணுவாளா?" என்று கேட்டார். வீட்டில் அவள் எப்போதும் படுத்தே கிடந்த பிள்ளை. டீச்சருடைய நடையை அவள் செய்துகாட்டி நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்ததைச் சொன்னேன். இன்னும் சொல்லு, இன்னும் சொல்லு என்றார். இருட்டும் வரை சொல்லிக்கொண்டிருந்தேன். நோட்டை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். ஒன்று மட்டும் இன்றுவரை ஆறவில்லை. அந்தப் பதினோரு வருடத்தில் அவளுடைய அப்பாவும் போய்விட்டிருந்தார். அவருக்கு அந்தச் சேட்டைகள் தெரியாமலே போய்விட்டது.

அதனால், குழுவில் யார் என்ன சொன்னாலும், விழாவன்று அவன் பெயரைச் சொல்லுங்கள். படம் இல்லாவிட்டால் பரவாயில்லை. ஆனால் விழா அடுத்த மாதம்தானே, அதுவரை காத்திருக்காதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே அந்தத் தெருவுக்குப் போங்கள். பரிசு வாங்கியதையும், ஏன் இத்தனை நாள் வரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் அழலாம், நீங்களும் அழலாம். அதற்குப் பயந்து திரும்பி வந்துவிடாதீர்கள்.

16 புளியங்கொட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். திண்ணையிலோ தரையிலோ உட்கார்ந்து முதலில் ஒன்றை வையுங்கள். அதன் இரண்டு பக்கமும் மூலையும் மூடுகிற மாதிரி மூன்று, அதே மாதிரி ஐந்து, அப்புறம் ஏழு. ஒவ்வொரு தடவையும் ஒரு சதுரம் வரும். உங்கள் மகன் எங்களுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தான் என்று அவரிடம் சொல்லுங்கள்.