சாதுவான மலைப்பாம்பு எது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பெரிய மலைப்பாம்பு ஒன்று வளர்க்க ஆசை. கடிக்காத, சாதுவான இனம் எது? (கல்லூரி மாணவர், வடசேரி)

தம்பி, வெளிநாடுகளில் பாம்பு வளர்ப்பவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் பர்மிய மலைப்பாம்பைத்தான் சொல்வார்கள். குட்டியிலிருந்தே கையில் எடுத்துப் பழக்கினால் மந்தமாக, தூக்கினாலும் சீறாமல் கிடக்கும். நம்மூர் மலைப்பாம்பு அதற்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. சீற்றம் கொஞ்சம் கூடுதல். ரெட்டிகுலேட்டட் பைதான் என்கிற மலைப்பாம்பு வேறு ரகம். சுறுசுறுப்பு அதிகம், எப்போதும் இரைமேலேயே கண். உலகிலேயே நீளமான பாம்பினம் அதுதான். அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் 2011-ல் அளந்த ஒன்று 7.67 மீட்டர் இருந்தது. ஆப்பிரிக்க மலைப்பாம்பும் பச்சை அனகோண்டாவும் முன்கோபத்துக்குப் பெயர்போனவை.

இனிதான் சிக்கல். பர்மிய மலைப்பாம்பு வடகிழக்கு மாநிலங்களில் இயற்கையாகவே உண்டு. ரெட்டிகுலேட்டட் நிக்கோபாரிலும் இருக்கிறது. அதனால் நம்மூர் மலைப்பாம்பைப் போலவே இவையும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வருகின்றன. வீட்டில் வைத்திருந்து பிடிபட்டால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். சாதுவானவை சட்டத்துக்குள் போய்விட்டன. மிச்சம் இருப்பவை முன்கோபிகள்.

சட்டம் இல்லாவிட்டாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். முட்டையிலிருந்து வரும்போது அரை மீட்டர் இருக்கும் பர்மியப் பெண் பாம்பு, நன்றாக வளர்ந்தால் 5 மீட்டரைத் தொடும். 20 ஆண்டுக்கு மேல் உயிரோடு இருக்கும். உனக்குக் கல்யாணமாகி, பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போதும் அதற்கு நீதான் முயல் வாங்கிப் போட வேண்டும். 3 மீட்டரைத் தாண்டிய பாம்பைத் தனியாகக் கையாளவே கூடாது. பக்கத்தில் இன்னொரு ஆள் நிற்க வேண்டும்.

அப்புறம், இந்தச் 'சாது' என்ற சொல். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பது மலைப்பாம்புக்குப் பாதிதான் பொருந்தும். பாம்பு மிரண்டு கடித்தால் பெரும்பாலும் கடித்ததும் விட்டுவிடும். இரை என்று நினைத்துக் கடித்தால்தான் விடாமல் சுற்றிக்கொள்ளும். கோழி கழுவிய கையோடு கூண்டைத் திறந்தால் எவ்வளவு சாதுவான பாம்புக்கும் அந்தக் கை கோழிதான். தோல் உரிக்கப்போகிற நாட்களில் கண் பால்போல வெளுத்துப் பார்வை மங்கியிருக்கும், அப்போதும் தொடக்கூடாது.

ரப்பர் தோட்டத்தில் மலைப்பாம்புக் குட்டி ஒன்று கிடைத்தது. வளர்த்துப் பார்க்கலாமா? (குலசேகரம்)

கூடாது. முதலில் அது மலைப்பாம்புதானா? அதிகாலையில் பால்வெட்டப் போகிறவர்கள் அடிக்கடி ஏமாறுவது இங்கேதான். கண்ணாடி விரியனையும் மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் கையில் எடுத்துவிடுகிறார்கள். விரியனின் முதுகில் கறுப்பு ஓரம் போட்ட முட்டை வடிவப் புள்ளிகள் சங்கிலிபோல மூன்று வரிசையில் ஒழுங்காக ஓடும். சீறினால் குக்கர் சத்தம் தோற்கும். மலைப்பாம்பின் திட்டுகள் ஒழுங்கில்லாதவை, தலைமேல் ஈட்டிமுனை போன்ற அடையாளம் இருக்கும், தோல் மினுங்கும். இதைப் படித்துவிட்டுப் பக்கத்தில் போய்ச் சரிபார்க்க வேண்டாம். எட்ட நின்றுகொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் 101-ல் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

கோழிக்கூட்டில் புகுந்து இரை எடுத்துவிட்டுப் படுத்திருக்கும் பெரிய பாம்புக்கும் இதுவேதான். கம்பால் குத்தினால் மிரண்டு விழுங்கியதைக் கக்கிவிடும். கோழியும் திரும்ப வராது.

மலைப்பாம்பு வளர்த்தவரை அடையாளம் கண்டுகொள்ளுமா? (தக்கலை)

நாய் மாதிரி இல்லை. உங்கள் வாசனைக்கும் கை படுவதற்கும் பழகும், அவ்வளவுதான். மடியில் சுருண்டு படுப்பது பாசத்தால் அல்ல, உங்கள் உடம்புச் சூட்டுக்காக. முட்டைமேல் சுருண்டு படுத்து, தசையைத் துடிக்கவைத்துச் சூடு கொடுக்கும் தாய் மலைப்பாம்புக்குக் கூட குட்டிகள் வெளியே வந்ததும் வேலை முடிந்தது.

பால் பைதான் (ball python) என்ற மலைப்பாம்பு விற்கிறோம், பேப்பர் எதுவும் தேவையில்லை என்கிறார் விற்பவர். வாங்கலாமா? (மார்த்தாண்டம்)

பேப்பர் தேவையில்லை என்று சொன்னாரே, அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். பால் பைதான் ஆப்பிரிக்கப் பாம்பு. பெரிய இனம் அல்ல, பெரும்பாலும் ஒன்றரை மீட்டருக்குள் நின்றுவிடும். மிரண்டால் பந்தாகச் சுருண்டு தலையை உள்ளே மறைத்துக்கொள்ளும். உண்மையிலேயே சாதுவானது என்றால் இதைச் சொல்லலாம். ஆனால் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள இனம். 2024-ல் வந்த விதிகளின்படி, வாங்கிய 30 நாளுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். எங்கிருந்து, எந்த ஆவணத்தோடு வந்தது என்று காட்ட முடியாத பாம்பை எப்படிப் பதிவீர்கள்?

சட்டப்படியே கிடைத்தாலும் இன்னொரு விஷயத்தை யோசியுங்கள். இது 30 ஆண்டுகூட வாழும். நோய் வந்தால், பாம்பைத் தொட்டுப் பார்க்கிற கால்நடை மருத்துவரை எங்கே தேடுவீர்கள்?

வளர்க்க முடியாவிட்டால் காட்டில் விட்டுவிடலாம்தானே? (தோவாளை)

விடவே கூடாது. அமெரிக்காவின் ஃபுளோரிடா சதுப்புக் காட்டில் வளர்ப்பிலிருந்து வெளியேறிய பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, அங்கிருந்த ரக்கூன், முயல்களையெல்லாம் தின்று தீர்த்துவிட்டன. 2012-ல் இறக்குமதியைத் தடை செய்தார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

சரி, வளர்க்கவில்லை. பெரிய பாம்புகளை எங்கே நேரில் பார்க்கலாம்? (ஆரல்வாய்மொழி)

நமக்குப் பக்கம் திருவனந்தபுரம் உயிரியல் பூங்காதான். 2014-ல் இலங்கையின் தெகிவளைப் பூங்காவிலிருந்து பச்சை அனகோண்டாக்கள் வந்தது அங்கேதான். காலையிலேயே கிளம்புங்கள். திங்கட்கிழமை விடுமுறை.